முழங்கால் உயரத்தில் ஒரு மெழுகுவத்தி

அத்தியாயம் 14

முதல் அடி விழுந்த சத்தம் நியேவெஸுக்குக் கேட்கவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்ற பிறகுதான் பார்த்தாள். அண்ணன் எலாதியோ மணலில் முழங்காலிட்டுக் கிடந்தான். தம்பி ஃபெர்மின், வெட்டுப்பட்ட திராட்சைக் கொடி ஒன்றின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கியிருந்தான்.

அந்த நிலத்துக்கு சோர்தா என்று பெயர். செவிடி என்று அர்த்தம். நடுவில் ஆமை முதுகு போல ஒரு மேடு. இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் எட்டாது. பாதிச் சத்தத்தை மணல் குடித்துவிடும், மீதியை மேடு மறித்துவிடும்.

அவள் சரிவில் ஓடினாள். கட்டை இறங்கியது. எலாதியோ வலது கையைத் தூக்கித் தலையைக் காத்துக்கொண்டான். அடி மணிக்கட்டில் விழுந்தது. கவாத்து செய்யும்போது காய்ந்த கிளையை ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். இந்த முறை அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

எலாதியோ கத்தவில்லை. இடது கையால் மணலை அள்ளித் தம்பியின் கண்ணில் வீசினான். ஃபெர்மின் தடுமாறியபோது அவன் இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளி, மேலே ஏறி, நெற்றியால் மூக்கில் மோதினான். இருவர் மூச்சும் மாடு முட்டிக்கொள்ளும்போது வருகிற மூச்சாக இருந்தது. வெளிர் மணலில் ரத்தம் சொட்டுச் சொட்டாக உருண்டு, உடனே உள்ளே போய்விட்டது. அந்த மணல் எதையும் மேலே வைத்துக்கொள்ளாது.

நியேவெஸ் கட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காலர் கிழிந்து கையோடு வந்தது.

"கேளு அவன்கிட்ட," என்றான் ஃபெர்மின், மூக்கைப் பொத்திக்கொண்டு. "யாரு வெட்டினதுன்னு கேளு, அக்கா."

"நான்தான் வெட்டினேன்," என்றான் எலாதியோ. "ஒளிச்சா வெச்சேன்? நேத்து மத்தியானம், ஊரே தூங்கறப்ப, கோடாலியால. ஒரு வரிசை. ரொம்ப நாளா ஆசை."

நேற்று மாலை இந்த வரிசையின் முன்னால்தான் நியேவெஸ் வாயைப் பொத்தி நின்றாள் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வசந்தத்தில் அப்பா அனஸ்தாஸியோ கண்ணை மூடினார். நிலம் மூன்று பேருக்கும் சமமாக வந்தது. எலாதியோவுக்கு சோர்தாவைப் பிடுங்கி உழுது பார்லி விதைக்க வேண்டும். ஃபெர்மினுக்கு ஒரு கொடியைக்கூட யாரும் தொடக் கூடாது. மூன்றாவது குரல் நியேவெஸுடையது. தோரோ நகரத்தில் ஒரு பெரிய ஒயின் கூடத்தில் சுவை பார்த்துச் சொல்லுவது அவள் வேலை. அவள் நாக்கை இரண்டு பேரும் நம்பினார்கள். அதனால் சாவுச் சடங்கு முடிந்தபோதே ஒரு உடன்பாடு. அறுவடை முடிந்ததும், சோர்தாவிலிருந்து அப்பா முதன்முதலாகத் தன் கையால் எடுத்த ஒயினின் கடைசிப் புட்டியைத் திறப்பது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் அது உயிரோடு இருந்தால் கொடிகள் நிற்கும். செத்திருந்தால் எலாதியோ டிராக்டரை எடுக்கலாம்.

இன்றுதான் அந்த நாள்.

வெட்டுப்பட்ட வரிசையை அவள் திரும்பிப் பார்த்தாள். பந்தல் போட்டுப் படர்கிற கொடிகள் இல்லை இவை. ஒவ்வொன்றும் தனியாக, இடுப்பு உயரத்தில், முறுக்கிப் பிழிந்த துணி போல நிற்கும். நட்டவர் தாத்தாவின் தகப்பனார். ஐரோப்பா முழுக்கத் திராட்சை வேர்களைப் பேன் மாதிரி ஒரு பூச்சி தின்று தீர்த்த காலத்தில் இவை மட்டும் தப்பின. காரணம் இந்த மணல்தான். பூச்சி வேருக்குப் போகப் பொந்து தோண்ட வேண்டும். மணலில் தோண்டத் தோண்டப் பொந்து இடிந்து விழும். அப்படித் தப்பிய கொடிகளுக்கு வயதாக ஆகக் காய்ப்பு குறையும், வேர் மட்டும் தண்ணீரைத் தேடிக் கீழே போய்க்கொண்டே இருக்கும். பத்துக் குலைக்குப் போக வேண்டியதெல்லாம் இரண்டு குலைக்குள் போய் அடையும். அதனால்தான் சோர்தாவின் ஒயின் இளமையில் வாயை அறைகிறது.

வெட்டுவாயில் நீர் கசியவில்லை. அக்டோபர். கொடிகள் தூங்கப் போகிற மாதம்.

"இது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு, அண்ணா?"

எலாதியோ உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். "ஸ்கூல்ல கூட்டல் கணக்கு போட்டுக்கிட்டிருந்தவன நடுவுல கூப்ட்டு வந்து இங்க குனிய வெச்சார் உங்கப்பா. அன்னிக்குக் குனிஞ்சவன்தான். நீ படிச்சே. இவன் மடியில உக்காந்து வளந்தான். என் ரெண்டு முட்டியும் இந்த மணல்லதான் இருக்கு. போய்த் தோண்டி எடுத்துக் குடு, நான் வாயத் தொறக்கல."

ஃபெர்மின் மூக்கைப் பொத்தியபடி மேட்டை நோக்கி நடந்தான்.

வீடு சோர்தாவுக்குக் கீழே, மேட்டின் இந்தப் பக்கம். எலாதியோவின் மனைவி பிலார் பூண்டு சூப் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கணவனின் கையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். ஒரு மரக் கரண்டியை வைத்து, பழைய துணி ஒன்றைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டியை எடு என்று நியேவெஸிடம் சொன்னாள். எலாதியோ அசையவில்லை.

"அந்தப் புட்டி செத்துக் கிடக்கறதப் பாத்துட்டுத்தான் டாக்டர். அதுவரைக்கும் கை எங்கயும் ஓடிடாது."

"கை ஓடாது. உனக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி முழுக்க நான்தான் உக்காரணும்," என்றாள் பிலார். "உங்க வீட்டு ரத்தத்துல சர்க்கரையும் இல்ல, உப்பும் இல்ல. புளிப்பு மட்டுந்தான்."

ஃபெர்மின் உள்ளே வரவில்லை. கொல்லையில் ஆட்டுத் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவக் கழுவ மூக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு நிலவறையில் தோலை அமுக்கிவிட்டானா என்று நியேவெஸ் ஜன்னல் வழியாகக் கேட்டாள். புதுச் சாறு பொங்குகிற நாட்களில் திராட்சைத் தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி போலக் கட்டிக்கொள்ளும். காலையும் மாலையும் கட்டையால் அதை உள்ளே அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். இந்த வருஷம் அந்த வேலை ஃபெர்மினுடையது.

ஆச்சு, என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

புட்டியைக் கொண்டு வருவதில் ஒரு முறை உண்டு. அப்பா காலத்திலும் அதற்கு முன்னாலும், நல்ல புட்டி திறக்கிற நாளில் மூத்த மகன்தான் தனியாக நிலவறைக்கு இறங்கி எடுத்து வர வேண்டும். வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். எலாதியோ எழுந்து இரண்டு அடி வைத்தான். முகம் சாம்பலாகிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான்.

"நீ போ, நியேவெஸ். அவன அனுப்பாதே. அவன் கை பட்ட புட்டிய நான் நம்ப மாட்டேன்."

அவள் போனாள்.

நிலவறை வீட்டுக்குப் பின்னால், களிமண் குன்றின் வயிற்றில் குடைந்தது. கதவைத் திறந்தால் செங்குத்தான படிகள். கீழே நீளமான குகை. இடதுபக்கம் மரத்தொட்டிகள், அவற்றில் இந்த வருஷச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், இன்னும் இரண்டு படி கீழே, பழைய புட்டிகள் கிடக்கிற குழி. கதவை விட்டால் வெளிக்காற்றுக்கு இன்னொரு வழி, கூரையிலிருந்து குன்றின் உச்சிக்குப் போகும் மூச்சுத்துளை. கல் வைத்துக் கட்டிய குட்டைப் புகைபோக்கி மாதிரி மேலே தெரியும்.

அந்தத் துளை இல்லாமல் இந்த ஊரில் யாரும் நிலவறை தோண்டியதில்லை. சாறு பொங்கும்போது ஒரு வாயு வரும். காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாது, நிறம் கிடையாது, மூக்கில் லேசாகக் குத்துவதோடு சரி. பொங்குகிற சூட்டில் அது மேலே எழும். கதவு வழியாக வருகிற குளிர்ந்த காற்று கீழிருந்து அதைத் தள்ளித் துளை வழியாக வெளியே அனுப்பிவிடும். இரண்டில் ஒரு வழி அடைத்துக்கொண்டால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. வாயு குளிர்ந்து தரையில் இறங்கும். தொட்டியில் தண்ணீர் ஏறுவது போலப் பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஏறிக்கொண்டே வரும்.

அதற்காகத்தான் கதவுக்குப் பக்கத்து மாடத்தில் மெழுகுவத்தி வைத்திருப்பார்கள். கொளுத்திக் கையில் எடுத்தால் முகத்துக்கு நேராகப் பிடிக்க மாட்டார்கள். கையைத் தொங்கவிட்டு முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆபத்து கீழேயிருந்து ஏறுவதால் சுடரும் கீழே இருக்க வேண்டும். சுடர் அணைந்தால் அதற்குமேல் ஒரு படி இறங்கக் கூடாது.

நியேவெஸ் அந்த மாடத்தைப் பார்த்தாள். பாதி எரிந்த மெழுகுவத்தி, தீப்பெட்டி. பார்த்துக்கொண்டே பக்கத்திலிருந்த சுவிட்சைத் தட்டினாள். கீழே பல்பு எரிந்தது. தோரோவில் அவள் வேலை செய்கிற கூடத்தில் எல்லாம் எஃகுத் தொட்டிகள். வாயு சேர்ந்தால் மணி அடிக்கும். அந்த மணியை நம்பி நம்பி, அவள் கால்கள் மெழுகுவத்தியை மறந்துவிட்டிருந்தன.

பாதிப் படியில் மூக்கு குத்தியது. பொங்குகிற நாட்களில் குத்தத்தான் செய்யும் என்று நினைத்தாள். தொட்டிகளைக் கடந்தபோது தோல் தொப்பி உலர்ந்து வெடித்துக் கிடந்ததைப் பார்த்தாள். காலையில் யாரும் அமுக்கவில்லை. அவன் பொய் சொன்னான் என்று தோன்றியது. ஏன் சொன்னான் என்று தோன்றுவதற்குள் குழியில் இறங்கிவிட்டாள்.

அப்பாவின் புட்டி கடைசி வரிசையில், தரையோடு தரையாக. குனிந்தாள்.

குனிந்ததும் மூச்சு உள்ளே போனது, ஆனால் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். நெஞ்சு கதவைத் தட்டுவது போல அடித்துக்கொண்டது. நிமிரவேண்டும் என்று முழங்காலுக்குச் சொன்னாள். முழங்கால் யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. புட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தாள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பல்புக்குக் காற்று வேண்டாம்.

மேலே யாரோ ஓடி வருகிற சத்தம். அவள் பெயர். படியில் ஒரு சுடர் இறங்கியது. அது மிகத் தாழ்வாக, முழங்கால் உயரத்தில் வந்தது. கடைசிப் படிக்கு முன்னால் நீலமாகிச் சுருங்கி, அணைந்தது.

மெழுகுவத்தி தரையில் விழுந்தது. இரண்டு கைகள் அவள் அக்குளில் நுழைந்தன.

வெளியே புல்லில் வாந்தி எடுத்தாள். வானம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. ஃபெர்மின் பக்கத்தில் நாலு காலில் நின்று இருமிக்கொண்டிருந்தான். அவன் மூக்கு ரத்தம் அவள் சட்டையெல்லாம். அவள் கையில் புட்டி அப்படியே இருந்தது. விரல்களைப் பிலார்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"யாரு உன்னப் போகச் சொன்னது?" ஃபெர்மின் திரும்பத் திரும்ப இதையே கேட்டான். "அக்கா, யாரு உன்னப் போகச் சொன்னது?"

எலாதியோ கட்டிய கையோடு ஓடி வந்து தங்கையின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் தாடை ஆடியது.

கொஞ்ச நேரம் தனியாக விடச் சொன்னாள் நியேவெஸ். அவர்கள் புட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இத்தனை ஆட்டத்தில் அடியிலிருந்த மண்டி கலங்கியிருக்கும், நிமிர்த்தி வைத்து அசையாமல் விடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். செத்துப் பிழைத்துவிட்டு மண்டியைப் பற்றிப் பேசுகிறாள் பார், அப்பன் பெண்தான் என்று பிலார் முணுமுணுத்தது கேட்டது.

அவள் மல்லாந்து கிடந்தாள். குன்றின் உச்சியில் மூச்சுத்துளை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாறு பொங்குகிற வாரங்களில் அதன் வாயைச் சுற்றிப் பழ ஈக்கள் மொய்க்கும். புளித்த வாசனை தெருவரைக்கும் வரும். இன்று ஒரு ஈ இல்லை.

தவழ்ந்து ஏறினாள். துளைக்குள் கையை விட்டாள். தோள்வரை விட்டபோது விரலில் சாக்கு தட்டியது. இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். வைக்கோல் திணித்த பார்லிச் சாக்கு, புட்டிக்குத் தக்கை மாதிரி அளவெடுத்து அடைத்தது, பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே கீழிருந்து ஒரு வெதுவெதுப்பான மூச்சு அவள் முகத்தில் அடித்தது.

சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கூப்பிடவில்லை. கீழே போய் அதிக நேரமும் ஆகவில்லை. புட்டி தேடுகிறாள் என்றுதான் வேறு யாரும் நினைத்திருப்பார்கள். பட்டப்பகலில், விளக்கு எரிகிற நிலவறைக்குள், ஒருவன் மெழுகுவத்தி கொளுத்திக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடி வருகிறான். எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்கு மறக்கவில்லை. கீழே என்ன நிறைந்திருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

மூத்த மகன்தான் இறங்க வேண்டும். அதுதான் முறை.

வெயில் சாயத் தொடங்கும்போது அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தாள். சாக்கைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்திருந்தாள். மேஜைக்கு அடியில், காலருகே போட்டாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் புட்டியின் மேல்.

தக்கை கறுத்துப்போயிருந்தது. தக்கை பிடுங்கும் திருகியைச் சாய்வாக இறக்கி மெல்ல எழுப்பினாள். பாதியில் உடைந்தது. மீதியை நூலிழை மாதிரி இழுத்து எடுத்தாள். ஜாடியின் வாயில் துணியைக் கட்டி, புட்டியைச் சாய்த்து, அதன் தோள்வளைவுக்கு மண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊற்றினாள். மண்டி வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டாள். கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக.

எலாதியோ முன்னால் சாய்ந்தான். ஃபெர்மின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளைத் துணிக்கு மேல் கோப்பையைச் சாய்த்தாள். செத்த ஒயின் ஓரத்திலிருந்து தேநீர் நிறத்துக்குப் போகும். இது ஓரத்தில் மட்டும் செங்கல், நடுவில் இன்னும் இருட்டு. மூக்கில் முதலில் இரும்பும் ஈரக் களிமண்ணும், வேறு எதுவும் இல்லை. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள்.

இளமையில் இந்த ஒயினைக் குடித்தவர்களுக்குத் தெரியும், மாதுளைத் தோலைக் கடித்தது போல ஈறெல்லாம் இழுத்துக்கொள்ளும். துவர்ப்பு எச்சிலைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் வாய் மரத்துப்போகும். ஆனால் புட்டிக்குள் வருஷக்கணக்காகப் படுத்திருக்கும்போது அந்தத் துவர்ப்பின் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகும். சங்கிலி நீண்டு கனத்துக் கீழே விழுந்து மண்டியாகும். மேலே மிஞ்சுவது எலும்பு இருக்கிற, முள் இல்லாத ஒயின். அதற்கு முதலில் நிறையத் துவர்ப்பு வேண்டும். அதைத் தருவது கிழட்டுக் கொடிகள்.

வாயில் அது முழுசாக நின்றது. விழுங்கியும் போகவில்லை. உலர்ந்த அத்தி, புகையிலை, வெயிலில் காய்ந்த தைம் என்ற மணச்செடி. அதற்கு அடியில், ரொம்ப அடியில், உப்பு மாதிரி ஏதோ ஒன்று. வேர் போன ஆழத்திலிருந்து வந்தது.

"உயிரோட இருக்கு," என்றாள். "நம்ம மூணு பேரையும் அடக்கம் பண்ணிட்டு, அப்புறமும் இருக்கும்."

ஃபெர்மின் சட்டென்று திரும்பினான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. யாரோ முதுகில் கத்தியை இறக்கியது போல இருந்தது.

எலாதியோ தன் கோப்பையை இடது கையால் எடுத்துக் குடித்தான். கண்ணை மூடினான்.

"கெழவன்," என்றான், அப்பாவை நினைத்து. கோப்பையை வைத்துவிட்டு, "சரி. நான் தோத்துட்டேன்."

அவன் தம்பியைப் பார்த்தான். "அந்த வரிசைய வெட்டினதுக்கு நீ என் கைய ஒடச்சே. அதோட அது தீந்துச்சு. நான் என் தங்கச்சிய அந்தக் குழிக்குள்ள அனுப்பினேன். நீ உயிரக் குடுத்துத் தூக்கிட்டு வந்தே. சோர்தாவ நீயே வெச்சுக்க. என் பங்கையும் சேத்து. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

இடது கையை மேஜையின் குறுக்கே நீட்டினான்.

ஃபெர்மின் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

நியேவெஸ் வாயில் ஒயின் இன்னும் இருந்தது. அவள் பேசாமல் இருந்தால் போதும். கொடிகள் நிற்கும். இவர்களுக்குப் பிறகும் இந்த ருசி இருக்கும். அண்ணன் கை நீட்டியபடி உட்கார்ந்திருப்பான், அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், தன்னைக் கொல்லப் பார்த்தவனுக்கு எதிரில். மூத்த மகனாக நிலவறைக்கு இறங்குவான்.

குனிந்து சாக்கை எடுத்தாள். புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கோல் ஒன்று மேஜையில் உதிர்ந்தது.

"இது என்ன?" என்றான் எலாதியோ.

"மூச்சுத்துளையில இருந்துச்சு."

அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. சாக்கைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். நீட்டிய கை இன்னும் மேஜையில்தான் இருந்தது. அதை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"எனக்காடா?"

ஃபெர்மின் தலையாட்டினான். "நேத்து சாயங்காலம் வெட்டினதப் பாத்தேன். அப்புறம் அமுக்கப் போனேன். அமுக்கிட்டு அடச்சேன்." குரல் கரகரத்தது. "போன குளிர்காலத்துல இதோட ஜோடிப் புட்டி ஒண்ண எடுத்துத் திருட்டுத்தனமாத் தொறந்து பாத்தேன், அக்கா. காடி. வாயில வெக்க முடியல. இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இன்னிக்கு எல்லாம் போயிடும்னு நெனச்சேன். கை ஒடஞ்சாலும் அவன்தான் எறங்குவான்னு... விட்டுக்குடுக்கற ஆளா அவன். உள்ள வந்து பாத்தா அவன் உக்காந்திருக்கான், உன்னக் காணோம்."

"ஒவ்வொரு புட்டிக்கும் தக்கை வேற," என்றாள் நியேவெஸ். "ஒண்ணுல காத்து பூந்திருக்கும். அவ்வளவுதான். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

முடிக்கவில்லை. எலாதியோ மேஜையைத் தாண்டிவிட்டான். இடது கையால் தம்பியின் பிடரியைப் பிடித்து முகத்தை மரத்தில் மோதினான். இரண்டு கோப்பைகள் கீழே உடைந்தன. ஜாடி கவிழ்ந்தது. ஃபெர்மின் கையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை மோதினான். முப்பது வருஷ ஒயினும் இன்றைய ரத்தமும் மேஜைத் துணியில் கலந்து ஓடின. எது எது என்று பிரிக்க முடியவில்லை. பிலார் ஓடி வந்து கணவனின் முதுகைப் பிடித்துத் தொங்கினாள். மூன்றாவது முறை ஓங்கிய கை காற்றில் நின்றது.

விட்டுவிட்டான். மூச்சு வாங்க நின்றான்.

"இனிமே நான் உன்னத் தொட மாட்டேன்," என்றான் நிதானமாக. "சின்ன வயசுல உன்னத் தூக்கிட்டுத் திரிஞ்ச கை இது. உன்னக் கொல்லறதுக்கு வேற வழி இருக்கு."

வெளியே போனான். கொட்டகைக் கதவு உருண்டது. சங்கிலியைக் கொக்கியில் மாட்டுகிற சத்தம். அடிமரத்தைச் சுற்றிக் கட்டி வேரோடு பிடுங்குகிற சங்கிலி. அப்புறம் டிராக்டர் இருமி எழுந்தது.

ஃபெர்மின் மேஜையிலிருந்து முகத்தை எடுக்காமல், "வேணாம்னு சொல்லு, அக்கா. என்னப் போலீஸ்ல குடுக்கச் சொல்லு. அதத் தொட வேணாம்னு சொல்லு," என்றான்.

நியேவெஸ் வாசலைத் தாண்டி மண்பாதையில் ஓடினாள். கால் இன்னும் முழுசாக அவளுடையதாகவில்லை. நெஞ்சு எரிந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் கையில் கோப்பை இருப்பதைப் பார்த்தாள். உடையாமல் தப்பிய ஒன்று. அடியில் ஒரு வாய் மிச்சம். இத்தனை நேரம் காற்றுப் பட்டு அது இப்போதுதான் திறந்திருந்தது. அத்திக்கும் இரும்புக்கும் மேலே, ஊதாப்பூ மாதிரி ஒரு மணம், பச்சையாக, எதுவும் நடக்காதது போல எழுந்தது.

மேலே டிராக்டர் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. சங்கிலி பின்னால் கல்லில் இழுபடுவது ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டது.

மேட்டின் உச்சியைத் தொட்டது. அந்தப் பக்கம் இறங்கியது.

அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.